ஸ்ரீ வீரசேனாசார்யரும் அர்த்தச்சேதக் கணிதமும்

ஜினவாணியைக் கற்றுணர்ந்து, பின்வந்த பவ்வியர்களுக்கு விளங்க உரைத்தருளிய ஆசார்யர் பரம்பரையில் ஸ்ரீ வீரசேனாசார்யர் பெற்றுள்ள இடம் தனிச்சிறப்புடையது. ஷட்கண்டாகமத்திற்கு அவர் இயற்றிய தவளா என்னும் பேருரை திகம்பர மரபின் சித்தாந்தக் களஞ்சியமாகப் போற்றப்படுகிறது. அவ்வுரையில் தத்துவம் உண்டு, தர்க்கம் உண்டு, இலக்கணம் உண்டு. இவற்றோடு, இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் மடக்கை என்ற பெயரில் பயிலும் கணிதத்தின் விதிகளும் அதில் உண்டு என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அவ்விதிகள் ஆகம உரைக்குள் இடம்பெற வேண்டிய தேவை யாது, ஆசார்யர் அவற்றை எவ்வாறு கையாண்டார் என்பதை அவருடைய வாழ்வோடு சேர்த்துக் காண்பது நம் கடமையும் மகிழ்ச்சியும் ஆகும்.

சுருதம் வந்த வழி

வீரசேனரின் பணியை உணர, அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய ஒரு நிகழ்ச்சியை முதலில் அறிதல் வேண்டும். அதனை நமக்குச் சொல்லியருளியவரும் தவளா ஆசிரியரே. சௌராஷ்டிர நாட்டில் கிரிநகரத்துச் சந்திரகுகையில் வாழ்ந்த தரசேனாசார்யர், தம்மிடம் எஞ்சியிருந்த ஆகம அறிவு தம்மோடு மறைந்துவிடலாகாது எனக் கவலையுற்றார். தென்னாட்டில் கூடியிருந்த முனிசங்கத்திற்குச் செய்தி விடுத்தார். அங்கிருந்து இரண்டு முனிவர்கள் வந்தனர். அவர்களைச் சோதிக்கக் கருதிய தரசேனர், ஒருவருக்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும் மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்தார். ஜபித்தபோது தோன்றிய தேவதைகளுள் ஒன்று பல் நீண்டும் மற்றொன்று ஒரு கண் இன்றியும் காணப்பட்டன. தேவதைகளின் உருவம் குறைபடாது. ஆகவே குறை மந்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்று தெளிந்த இருவரும், மிகையை நீக்கியும் குறையை நிரப்பியும் மீண்டும் ஜபித்து நேர்மையான உருவைக் கண்டனர். ஓரெழுத்துப் பிழையையும் கண்டு திருத்த வல்லவர்களுக்கே சுருதம் ஒப்படைக்கத்தக்கது என்பது இதன் உட்பொருள்.

அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும். கற்று முடித்த பின் புஷ்பதந்தர் வனவாச நாட்டிற்கும் பூதபலி திரமிள நாட்டிற்கும், அதாவது நம் தமிழகத்திற்கும், சென்றனர் என்பது மரபு. புஷ்பதந்தர் முதற்பகுதியாகிய சத்பிரரூபணையின் 177 சூத்திரங்களை இயற்றி, ஜினபாலிதர் வாயிலாகப் பூதபலிக்கு அனுப்பினார். அதன்பின் எஞ்சியவற்றைப் பூதபலி இயற்றி நூலை நிறைவு செய்தார். அவர் தொடங்கிய பகுதியின் பெயர் திரவியப்பிரமாணானுகமம் என்பதாம். ஜீவராசிகளின் எண்ணிக்கையைக் கூறும் பகுதி அது. வீரசேனரின் கணிதப் புலமை பெரிதும் வெளிப்படுவது இப்பகுதியின் உரையிலேயே. அதன் மூல சூத்திரங்களை அருளியவர் நம் நாட்டை நாடி வந்த ஆசார்யர் என்பது தமிழ்ச் சமணர்கள் நெஞ்சில் இருத்தத்தக்க செய்தியாகும்.

கல்வியும் குருமார்களும்

வீரசேனர் கி.பி. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் விளங்கியவர். துறவியின் பிறப்பும் குடியும் பெரிதாகப் பேசப்படாத மரபிற்கேற்ப, அவர் தம்மைப் பற்றிக் கூறுவன குரு பரம்பரையையும் கற்ற கல்வியையும் பற்றியனவே. பஞ்சஸ்தூப அன்வயத்தில் சந்திரசேனரின் மாணாக்கர் ஆர்யநந்தி. அவருடைய மாணாக்கர் வீரசேனர். சித்தாந்தத்தை அவர் ஏலாசார்யரிடம் பாடங்கேட்டார். அவ்வாசார்யர் சித்திரகூடத்தில் உறைந்தவர் என்று இந்திரநந்தியின் சுருதாவதாரம் கூறும்.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். ஏலாசார்யர் என்றதும் நம்மவர் உள்ளம் பொன்னூர் மலைக்குச் செல்லும். அங்கே திருவடி வைத்து வணங்கப்படும் ஏலாசார்யர், குந்தகுந்தாசார்யர். வீரசேனருக்குச் சித்தாந்தம் உபதேசித்த ஏலாசார்யரோ, காலத்தால் மிகப் பிந்திய வேறொரு முனிவர். பெயர் ஒன்றாயினும் ஆள் வேறு.

சித்தாந்தம், யாப்பு, சோதிடம், இலக்கணம், பிரமாண சாத்திரம் ஆகிய துறைகளில் வீரசேனர் வல்லவராயிருந்தார் என்பதைத் தவளாவின் நிறைவுரைப் பகுதி தெரிவிக்கிறது. அக்காலத்துச் சோதிடம் என்பது கோள்களின் இயக்கத்தை அளந்தறியும் கணிதத்தைத் தன்னுள் கொண்டது. பிற்காலத்தில் ஆகம எண்களைக் கையாள்கையில் அவரிடம் தடுமாற்றமே காணப்படாமைக்கு இளமையில் பெற்ற இப்பயிற்சியே காரணமாதல் வேண்டும்.

வாடகிராமத்தில் எழுந்த பேருரை

குருவிடம் விடைபெற்ற வீரசேனர் வாடகிராமத்தை அடைந்து, அங்கு ஆனதேந்திரர் எடுப்பித்த ஜினாலயத்தில் தங்கினார். பப்பதேவர் என்னும் முன்னோர் இயற்றிய வியாக்கியாப்பிரஜ்ஞப்தி என்ற உரை அவருக்கு அங்கே கிடைத்தது. பழைய உரைகளையும் குருவிடம் கேட்டவற்றையும் ஒருங்கு வைத்து, ஷட்கண்டாகமத்தின் முதல் ஐந்து கண்டங்களுக்கும் விரிவுரை எழுதத் தொடங்கினார். ஆறாவது கண்டமாகிய மகாபந்தத்தைப் பூதபலியே விரிவாக அருளியிருந்தமையால் அதற்கு உரை வேண்டியதாயிற்றில்லை.

இராஷ்டிரகூடப் பேரரசு தழைத்திருந்த காலம் அது. சக ஆண்டு 738, அதாவது கி.பி. 816இல், கார்த்திகை மாதத்து வளர்பிறைத் திரயோதசியன்று தவளா நிறைவெய்தியது என்று பதிப்பாசிரியர் ஹீராலால் ஜைன் துணிந்தார். ஆண்டைச் சில பத்தாண்டுகள் முன்னதாகக் கொள்வாரும் உளர். நூலின் அளவு 72,000 கிரந்தம். பிராகிருதமே பெரும்பான்மையாக, இடையிடையே வடமொழி விரவி எழுதப்பட்ட நடை அதனுடையது. மணியும் பவளமும் கோத்தாற்போன்ற இந்நடை நமக்குப் புதிதன்று. நம் இல்லங்களில் ஓதப்பெறும் ஸ்ரீபுராணம் தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளத்தில் அமைந்ததன்றோ!

ஆகமத்திற்குக் கணிதம் ஏன்?

திரவியப்பிரமாணம் எழுப்பும் வினா எளியது, விடையோ அரியது. உலகில் ஜீவர்கள் எத்துணையர்? பதினான்கு குணஸ்தானங்களுள் ஒவ்வொன்றிலும் நிற்போர் எத்துணையர்? மித்தியாதிருஷ்டிகள் அனந்தர் என்கிறது சூத்திரம். சில குணஸ்தானத்தார் பல்லியோபமத்தின் அசங்கியாத பாகத்தர் என்கிறது. எண்ணத்தக்கது சங்கியாதம், எண்ணிக்கையைக் கடந்தது அசங்கியாதம், அதனையும் கடந்தது அனந்தம். சங்கியாதம் மூன்று, அசங்கியாதம் ஒன்பது, அனந்தம் ஒன்பது என எண்வகை 21 ஆகப் பகுக்கப்படும்.

பெரிது என்று பொதுவாகச் சொல்லி அமைதல் வீரசேனருக்கு உடன்பாடன்று. இரண்டு பேரெண்கள் முன்னிற்கையில் எது பெரிது, எத்துணை மடங்கு பெரிது என்று காட்டினாலன்றி, ஆசார்யர்கள் வகுத்த வேறுபாடு வெறும் சொல்லாகவே நின்றுவிடும். ஓரெழுத்து மிகினும் குறையினும் மந்திரம் பழுதாவது போல, ஓரெண் பிறழின் சூத்திரத்தின் பொருள் பழுதாகும். இக்கவலையே அவரைக் கணிதத்தின்பால் செலுத்தியது.

லோக வர்ணனையும் இத்தேவையை மிகுவித்தது. ஜம்புத்வீபத்தின் விட்டம் ஒரு லட்சம் யோசனை. அதைச் சூழ்ந்த லவண சமுத்திரத்தின் அகலம் இரண்டு லட்சம். தாதகீகண்டம் நான்கு லட்சம். காலோத சமுத்திரம் எட்டு லட்சம். புஷ்கரவர த்வீபம் பதினாறு லட்சம். இவ்வாறு ஒவ்வொன்றும் முன்னதன் இருமடங்காக விரிந்து செல்கின்றன. இரட்டித்து வளர்வதை எண்ணுதற்கு உரிய வழி, முழு அளவாகிய ரஜ்ஜுவைப் பாதி பாதியாக வெட்டி, வெட்டுகளை எண்ணுவதே. த்வீப சமுத்திரங்களின் தொகையை ஆராய்கையில் ஆசார்யர் இவ்வழியையே மேற்கொள்கிறார்.

அர்த்தச்சேதம் என்னும் கருவி

அர்த்தம் என்பது பாதி; சேதம் என்பது வெட்டு. ஓர் எண்ணை ஒன்று வரும் வரை எத்தனை முறை பாதியாக்கலாமோ அத்தனையே அதன் அர்த்தச்சேதம். 32ஐ எடுத்துக்கொள்வோம். 16, 8, 4, 2, 1 என ஐந்து வெட்டுகள். ஆகவே 32இன் அர்த்தச்சேதம் 5. இக்காலக் கணிதத்தில் இதுவே 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை. மூன்றால் வெட்டி எண்ணுவது திரிகச்சேதம். நான்கால் வெட்டி எண்ணுவது சதுர்த்தச்சேதம். 81இன் திரிகச்சேதம் 4. 256இன் அர்த்தச்சேதம் 8, சதுர்த்தச்சேதம் 4. நான்கால் ஒரு வெட்டு இரண்டால் இரு வெட்டுகளுக்குச் சமமாதலின் பின்னது முன்னதில் பாதியாயிற்று. அடிமானம் மாறினால் மடக்கை எவ்வாறு மாறும் என்பதற்கு இதுவே எளிய சான்று.

இக்கருவியின் விதிகளைத் தவளா தெளிவுறக் கையாள்கிறது. அவற்றைச் சிறு எண்களால் காண்போம்.

முதலாவது பெருக்கல் விதி. இரண்டு எண்களின் பெருக்கற்பலனுக்குரிய அர்த்தச்சேதம், அவ்விரண்டின் அர்த்தச்சேதங்களின் கூட்டுத்தொகையாகும். 8இன் அர்த்தச்சேதம் 3; 32இன் அர்த்தச்சேதம் 5. இரண்டையும் பெருக்க வரும் 256இன் அர்த்தச்சேதம் 8. முதலில் 32 என்ற பகுதியை ஐந்து வெட்டுகளால் ஒழித்து, எஞ்சிய 8ஐ மூன்று வெட்டுகளால் ஒழிக்கிறோம் என்று எண்ணினால் காரணம் தானே விளங்கும்.

இரண்டாவது வகுத்தல் விதி. வகுபடும் எண்ணின் அர்த்தச்சேதத்திலிருந்து வகுக்கும் எண்ணின் அர்த்தச்சேதத்தைக் கழித்தால் ஈவின் அர்த்தச்சேதம் கிடைக்கும். 256ஐ 32ஆல் வகுக்க 8. அதன் அர்த்தச்சேதம் 8இலிருந்து 5 போக 3. இவ்விதியை வீரசேனர் செய்முறையாகவே பயன்படுத்துகிறார். ஒரு ராசியை வகுக்க வேண்டுமாயின், வகுக்கும் எண்ணின் அர்த்தச்சேதம் எத்தனையோ அத்தனை முறை அந்த ராசியைப் பாதியாக்கினால் போதும் என்பது அவர் காட்டும் நெறி.

மூன்றாவது அடுக்கு விதி. ஓர் எண்ணை அதே எண்ணால் பலமுறை பெருக்கினால், பெருக்கிய முறைகளின் எண்ணிக்கையால் அர்த்தச்சேதமும் பெருகும். எட்டு என்னும் எண்ணை நான்கு முறை வைத்துப் பெருக்க 4096. அதன் அர்த்தச்சேதம் நான்கு மூன்று பன்னிரண்டு.

மூன்று விதிகளையும் ஒருசேரப் பயன்படுத்திப் பார்க்கலாம். எட்டின் நான்காம் அடுக்கை 32ஆல் பெருக்கி 256ஆல் வகுத்தால் வருவது யாது? அடுக்கிற்கு 12, பெருக்கலுக்கு 5 கூட்ட 17, வகுத்தலுக்கு 8 கழிக்க 9. அர்த்தச்சேதம் 9 உடைய எண் 512. நேராகக் கணக்கிட்டாலும் 4096ஐ 32ஆல் பெருக்க 1,31,072. அதனை 256ஆல் வகுக்க 512. பெருக்கல் கூட்டலாகவும், வகுத்தல் கழித்தலாகவும், அடுக்கு பெருக்கலாகவும் எளிமைப்படுவதே இதன் பயன்.

பிள்ளைகள் மயங்கும் இடம் ஒன்றுண்டு. இவ்விதிகள் பெருக்கலுக்கே உரியன; கூட்டலுக்கு உரியன அல்ல. எட்டும் எட்டும் கூடினால் 16. அதன் அர்த்தச்சேதம் 4. மூன்றும் மூன்றும் ஆறு என்று கொண்டால் பிழை. ஆறு என்பது எட்டை எட்டால் பெருக்க வரும் 64இன் அர்த்தச்சேதம்.

வர்க்கசலாகையும் பேரெண்களும்

2ஐ வர்க்கம் செய்தால் 4, அதனை வர்க்கம் செய்தால் 16, பின்னர் 256, அதன்பின் 65,536. ஐந்தாம் வர்க்கம் 429,49,67,296. ஆறாம் வர்க்கம் இருபது இலக்கங்கள் உடையது. இவற்றின் அர்த்தச்சேதங்கள் முறையே 2, 4, 8, 16, 32, 64. எத்தனையாவது வர்க்கம் என்று காட்டும் எண்ணிற்கு வர்க்கசலாகை என்று பெயர். 256 மூன்றாம் வர்க்கம். அதன் வர்க்கசலாகை 3. இது 256இன் அர்த்தச்சேதமாகிய 8இன் அர்த்தச்சேதமாகவும் அமைவதைக் காண்க. மடக்கையின் மடக்கை என்று இன்று கூறப்படுவது இதுவே.

பரியாப்த மனிதர்களின் தொகையாக ஆகம மரபில் சொல்லப்படும் எண் ஒன்றுண்டு. ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்க வருவது அது. 29 இலக்கங்கள் உடையது. அதனை 96 முறை பாதியாக்கலாம் என்று அனுயோகத்துவார சூத்திரம் சுட்டுகிறது. 32ஐயும் 64ஐயும் கூட்ட 96 வருவதை நோக்கினால், பெருக்கல் விதி நம் மரபில் எத்துணை இயல்பாகப் பயின்று வந்தது என்பது புலனாகும்.

பேரெண்களை உண்டாக்குதற்கு வீரசேனர் விளக்கும் முறை விரலனமும் தேயமும். ஓர் எண்ணை ஒன்று ஒன்றாகப் பரப்பி வைத்தல் விரலனம். பரப்பிய ஒவ்வோர் ஒன்றின் மேலும் அவ்வெண்ணையே வைத்தல் தேயம். பின் அனைத்தையும் தம்முள் பெருக்க வேண்டும். இதற்கு வர்க்கிதசம்வர்க்கிதம் என்று பெயர். 2ஐ எடுத்துக்கொண்டால் முதல் முறை 4 வரும். நான்கை நான்கு இடத்தில் வைத்துப் பெருக்க இரண்டாம் முறை 256 வரும். 256ஐ 256 இடங்களில் வைத்துப் பெருக்க மூன்றாம் முறை வருவது 617 இலக்கங்கள் உடைய எண். இரண்டு என்னும் மிகச் சிறிய எண் மூன்றே அடியில் இவ்வளவு உயர்ந்தால், அசங்கியாதத்தில் தொடங்கினால் என்னாகும்!

இத்தகைய எண்ணை ஓலையில் எழுதவும் இயலாது, ஒப்பிடவும் இயலாது. அர்த்தச்சேதமோ அதனை உள்ளங்கைக்குள் அடக்குகிறது. 256இன் அர்த்தச்சேதம் 8. அடுக்கு விதிப்படி அதனை 256ஆல் பெருக்க 2048. ஆகவே 617 இலக்க எண்ணின் அர்த்தச்சேதம் 2048 மட்டுமே. அதன் வர்க்கசலாகை 11. பெருக்கல் விதிப்படியும் இதனைச் சரிபார்க்கலாம்: 256இன் அர்த்தச்சேதம் 8, வர்க்கசலாகை 3, கூட்டினால் 11. மூன்றாம் முறையின் வர்க்கசலாகை, முதல் முறை எண்ணின் வர்க்கத்தினும் குறைவே என்று ஓர் எல்லையும் தவளாவில் கூறப்படுகிறது. முதல் முறை எண் 4. அதன் வர்க்கம் 16. பதினொன்று அதனினும் குறைவு. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத எண்ணுக்கு வரம்பு கட்டிய ஆற்றல் இது.

ஐயத்தை அளந்து தீர்த்தல்

ஆசார்யரின் உள்ளப்பாங்கை உணர்த்தும் மற்றோர் ஆராய்ச்சி லோகத்தின் வடிவம் பற்றியது. லோகத்தின் கன அளவு ஏழின் கனமாகிய 343 ரஜ்ஜு என்பது ஆகமக் கொள்கை. உயரம் 14 ரஜ்ஜு. அடியில் 7, நடுவில் 1, பிரம்மலோகத்தருகே 5, உச்சியில் 1 என அகலம். இதனை மிருதங்கம் போல் வட்டமாகக் கொள்வாரும் அக்காலத்தில் இருந்தனர்.

வீரசேனர் அக்கருத்தைச் சொல்லால் மறுத்து அமையவில்லை. மிருதங்க வடிவைத் துண்டு துண்டாகப் பகுத்து அதன் கன அளவைக் கணக்கிட்டார். அது 343இல் பாதியைக்கூட எட்டவில்லை. வடக்கு தெற்காக எங்கும் 7 ரஜ்ஜு கனம் உடையதாகக் கொண்டாலோ கணக்கு ஒத்துவருகிறது. கீழ்ப்பகுதியின் பரப்பு 28, மேற்பகுதியின் பரப்பு 21, ஆக 49. அதனை 7ஆல் பெருக்க 343. நம் ஜினாலயங்களில் காணும் லோக வடிவப் படத்தை வைத்துக்கொண்டு வீட்டுப் பிள்ளைகளே இதனைச் செய்து பார்க்கலாம். ஆகமத்தின் மீது அவர் கொண்ட பக்தி, கணக்கிட்டுப் பார்ப்பதற்குத் தடையாக நிற்கவில்லை. அதுவே அவரைக் கணக்கிடத் தூண்டியது.

கணக்கால் தீர்க்கவியலாத இடங்களில் அவர் காட்டிய அடக்கமும் போற்றத்தக்கது. ஆசார்யர்களிடையே கருத்து வேறுபடும் இடங்களில், தென்மரபு இது, வடமரபு இது என இரண்டையும் எடுத்துரைக்கிறார். தமக்கு ஏற்புடையதைக் காரணத்தோடு கூறுவார். காரணம் கிட்டாதபோது, உண்மையைத் தெளிந்துரைக்க வல்ல கேவலியோ சுருதகேவலியோ இக்காலத்து இலராதலின், இரண்டு உபதேசங்களையும் பேணிக் காத்தலே கடன் என்று அமைகிறார். ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்தும் துணிவு எளிது. இரண்டையும் பழுதின்றிப் பின்வந்தோர் கையில் ஒப்படைக்கும் பொறுமை அரிது. அநேகாந்தம் அவருக்கு நூலில் கற்ற கொள்கையாக மட்டுமன்றி எழுதும் முறையாகவும் இருந்தது.

முற்றுப்பெறாத பணியும் முடித்த மாணாக்கரும்

தவளாவை நிறைவு செய்த வீரசேனர் ஓய்வு கொள்ளவில்லை. குணதராசார்யரின் கஷாயபாஹுடத்திற்கு ஜயதவளா என்னும் உரையைத் தொடங்கினார். 20,000 கிரந்தம் எழுதிய நிலையில் அவர் வாழ்வு முற்றுப்பெற்றது. இரு நூல்களிலுமாக அவர் எழுதியது 92,000 கிரந்தம். ஒரு கிரந்தத்திற்கு 32 எழுத்தாகக் கணக்கிட்டால் 29,44,000 எழுத்துகள். உடைமை ஏதுமற்ற ஒரு முனிவர், விகாரமும் சரியாமல் விதிகளும் தவறாமல், விட்டுச்சென்ற செல்வம் இது.

எஞ்சிய 40,000 கிரந்தத்தை அவருடைய மாணாக்கர் ஜினசேனாசார்யர் எழுதி முடித்தார். காது குத்தும் பருவத்திற்கு முன்னரே குருவின் திருவடியை அடைந்தவர் ஜினசேனர். சக ஆண்டு 759, கி.பி. 837இல், பங்குனி மாதத்து வளர்பிறைத் தசமியன்று, நந்தீசுவர மகோற்சவம் நடந்துகொண்டிருந்த வேளையில், குரு உரை வகுத்த அதே வாடகிராமத்தில் ஜயதவளா நிறைவெய்தியது. அப்போது அரசாண்டவர் அமோகவர்ஷர். ஜினசேனர் தொடங்கி, அவர் மாணாக்கர் குணபத்திரர் நிறைவு செய்த மகாபுராணமே நம் தமிழ் ஸ்ரீபுராணத்திற்கு அடிப்படை. ஆகவே ஸ்ரீபுராணம் ஓதும் ஒவ்வொரு தமிழ்ச் சமணக் குடும்பமும் வீரசேனரின் மாணாக்கர் வழியில் வந்த சொல்லையே ஓதுகிறது.

அமோகவர்ஷர் காலத்திலேயே மகாவீராசார்யர் கணிதசாரசங்கிரகம் என்னும் நூலை இயற்றினார். அந்நூல் 1912இல் சென்னையில் ரங்காசாரியாரால் மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்கப்பெற்றது. ஆகம உரைக்குள் வளர்ந்த கணக்கும், தனி நூலாக மலர்ந்த கணக்கும் ஒரே நூற்றாண்டில் ஒரே நாட்டில் தழைத்தன.

ஓலையிலிருந்து அச்சிற்கு

தவளாவின் ஓலைச்சுவடிகள் பல நூற்றாண்டுகள் கன்னட நாட்டு மூடபிதிரியின் சித்தாந்த பசதியில் காக்கப்பட்டு வந்தன. அவை பழங்கன்னட எழுத்தில் அமைந்தவை. அடியார்கள் தூரத்திலிருந்து வந்து தரிசித்து மீண்டனர். படித்தறிந்தோர் மிகச் சிலர். வணங்கப்பட்ட நூல் வாசிக்கப்படாமல் இருந்தது. நல்லோர் முயற்சியால் படிகள் எடுக்கப்பட்டு, ஹீராலால் ஜைன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1939 முதல் அமராவதியிலிருந்து தொகுதி தொகுதியாக வெளிவரத் தொடங்கின. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் 16 தொகுதிகளும் வெளிவந்தன. இலக்னோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங், தவளாவின் கணிதத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை நான்காம் தொகுதியில் இடம்பெற்றது. அர்த்தச்சேத விதிகள் இன்றைய மடக்கை விதிகளே என்பதை உலகம் அதன் வழியாக அறிந்தது.

பெருமிதத்தில் மிகை புகலாகாது. ஸ்காட்லாந்து நாட்டு ஜான் நேப்பியர் 1614இல் வெளியிட்ட மடக்கை அட்டவணைகள், வானியலாரும் மாலுமிகளும் நீண்ட பெருக்கல்களை விரைந்து செய்ய உதவின. வீரசேனர் அட்டவணை இயற்றவில்லை. அவர் நோக்கம் வேறு. எண்ணிறந்தவற்றை அறிவுக்குள் அடக்கி ஒப்பிடுதலே அவருக்கு வேண்டியிருந்தது. நோக்கம் வேறாயினும் விதிகள் ஒன்றே. அவற்றை அவர் நேப்பியருக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகள் முன்னரே கையாண்டார் என்பது மறுக்கவொண்ணாத உண்மை. இன்று கணினி எவ்வளவு செய்தியைத் தாங்கும் என்று அளப்பதும் இரண்டின் அடுக்குகளாலேயே.

ஆனி மாதத்தை ஒட்டி வரும் ஜ்யேஷ்ட சுக்ல பஞ்சமியன்று நாம் சுருத பஞ்சமி கொண்டாடுகிறோம். ஷட்கண்டாகமம் நிறைவுற்று, சங்கம் கூடிப் பூசித்த நாள் அது. அன்று நூல்களைத் துடைத்து, புதுத்துணி சாத்தி, மலரிட்டு வணங்குதல் நம் மரபு. வணங்கிய பின் ஒரு நூலைத் திறந்து, வீட்டுப் பிள்ளையை அருகில் அமர்த்தி, 64ஐ எத்தனை முறை பாதியாக்கலாம் என்று கேட்டுப் பார்க்கலாம். ஆறு என்ற விடை வரும்போது, அக்கணக்கை ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினாலயத் திண்ணையில் அமர்ந்து ஆராய்ந்த முனிவரின் திருப்பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போமாக. மூடபிதிரியின் பேழைக்குள் நூல் வாசிப்பாரின்றி இருந்த நிலை நம் இல்லங்களில் நேராதிருக்க அதுவே வழி.

ஸ்ரீ வீரசேனாசார்யர் திருவடிகளுக்கு நமோஸ்து!